குவைத்துப் பெட்டிக்குள் நின்ற அலை

ஷிபானா, நவாஸ் — இந்தக் கிழமை இந்தப் பத்தி உங்கள் இரண்டு பேருக்கும்தான். ஒவ்வொரு தடவையும் 'வாப்பா எழுதியிருக்காரு' என்று பேப்பரை விரிப்பீர்கள். படம் ஒன்றும் இல்லை என்றதும் அப்படியே மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். இந்த முறை கடைசி வரை வாசியுங்கள். வட்டிலப்பம் வருகிறது.

மற்ற வாசகர்கள் குறை நினைக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். நீங்களும் என்னைப் போல 'போய் வெளியில விளையாடுங்க' என்று சொல்லியிருப்பீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறோம்? நேரமில்லை என்று நாமே நம்பிக்கொள்கிறோம். நேரம் இருக்கிறது... பதில்தான் இல்லை.

போன வியாழக்கிழமை நவாஸ் கேட்ட கேள்வி இது.

"வாப்பா, ஒரே தட்டு. ஒரே வட்டிலப்பம். ஏன் இங்க கல்லு மாதிரி, அங்க தண்ணி மாதிரி?"

கேள்விக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கை சுலைஹா — உங்கள் சாச்சி — குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். நம் பக்கத்தில் வெளிநாடு போய் வருகிறவர்கள் என்ன கொண்டு வருவார்கள்? கேசட் ரேடியோ. பூப்போட்ட கம்பளி. சென்ட் போத்தல். சுலைஹா வந்து இறங்கியபோது வேனின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கியது ஒரு கனத்த பெட்டி. அவள் வேலை பார்த்த வீட்டு அம்மா புதிது வாங்கியிருக்கிறார். பழையதைப் பயணம் சொல்ல வந்தவளுக்குக் கொடுத்துவிட்டார்.

மைக்ரோவேவ் அடுப்பு. நெருப்பு இல்லை. புகை இல்லை. கதவில் ஒரு கண்ணாடி, உள்ளே சுற்றுகிற ஒரு கண்ணாடித் தட்டு, அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கண்டதும் அயல் வீட்டுக்காரர்கள் டீவி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மாமி பாயில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "படம் எத்தின மணிக்குத் துவங்கும்?" என்று கேட்டார். சுலைஹா ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துச் சூடாக்கிக் காட்டினாள். அந்த மாமி கடைசி வரை பார்த்துவிட்டு, "இதுக்கு எங்கட அடுப்பே போதுமே" என்று எழும்பிப் போனார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் குவைத்துப் பெட்டி.

பிளக்கின் கால்கள் சதுரம். எங்கள் சுவரில் துளைகள் வட்டம். பிளக்கை மாற்றிக் கொடுத்தது நான். இந்தக் கதையில் என் கையால் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சரி... ஆவியில் அவிக்கிற அந்த இனிப்புக்கு, வட்டிலப்பத்துக்கு வருவோம்.

சுலைஹாவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், ஐந்து நேரமும் பள்ளிவாசலில் காணலாம். அவருக்குச் சம்மதம். ஆனால் அவருடைய உம்மா ஹாஜரா மாமி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். இடையில் பேசியவர் அதைத் தேன் தடவிச் சொல்லப் பார்த்தார். தேன் நிற்கவில்லை.

"குவைத்துக்குப் போன கை. நல்லா உடுக்கும், இங்கிலீசு கதைக்கும். வட்டிலப்பம் அவிக்கத் தெரியுமா?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தன் தங்கைமாரோடு வந்து பார்க்கப் போவதாகவும் செய்தி.

கேள்வி வட்டிலப்பத்தைப் பற்றியதா? நமக்குத் தெரியாதா என்ன... வெளிநாடு போய் வந்த பெண் தங்கள் குடும்பத்துக்கு ஒத்துவருவாளா என்பதுதான் கேள்வி. சுலைஹாவுக்கு அது நன்றாகவே விளங்கியது. செய்தி கேட்டுவிட்டு அடுப்படிக் குசினிக்குள் போனவள், திரும்பி வந்து சொன்னாள்.

"வட்டிலப்பம் தானே? செய்வன். பெட்டியில செய்வன்."

உங்கள் உம்மா பதறிப்போனார். "உனக்கென்ன விசரா கா? பேசாம பானையில தண்ணிய வெச்சு ஆவியில அவி. உம்மா காட்டித் தந்த மாதிரி."

"ஆவியில அவிக்கத் தெரியாம இல்ல ராத்தா. நல்லாத் தெரியும்."

"மறுகா என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

"அவங்க வாற நேரம் பெட்டியச் சீலையால மூடி வெச்சா, நான் போனதையும் சேத்து மூடின மாதிரி. இண்டைக்கு மூடினா வாழ்நாள் முழுக்க மூடிக்கிட்டே இருக்கணும். என்னால ஏலா."

உங்கள் உம்மா என்னைப் பார்த்தார். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் உம்மா இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"சரி, பெட்டியிலயே செய். ஆனா கோப்பை கோப்பையா வெச்சுக் குடுத்துடாத. வாறவங்களுக்குச் சஹன் வைக்கப்போறம். நடுவுல முழுசா ஒண்டு இரிக்கணும்."

சஹன் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் விருந்தென்றால் ஒரு பெரிய தாலத்தைச் சுற்றிப் பலர் வட்டமாக உட்கார்ந்து, அந்த ஒன்றிலிருந்தே எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவோம். தனித்தனித் தட்டு வைப்பது வந்தவரை ஒதுக்கி வைப்பது போல.

"அங்க நாங்க கோப்பையிலதான் வைக்கிற ராத்தா. அதுதான் இதுக்குச் சரிவரும்."

"அது குவைத்து. இது கல்முனை. ஆளுக்கொரு கோப்பை எண்டா அது விருந்தில்ல, ஆஸ்பத்திரி."

ஆக, வியாழன் காலை ஒத்திகை. முட்டை, தேங்காய்ப் பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் எல்லாம் சேர்த்து அடித்து, வீட்டில் இருந்ததிலேயே பெரிய சதுரக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, பெட்டிக்குள் வைத்தார்கள். தட்டு சுற்றவில்லை. மூலைகள் சுவரில் இடித்து 'டொக்... டொக்...' என்று நின்றது. உங்கள் உம்மா, "கிறுகாட்டி என்ன? சூடு சூடுதானே?" என்றார். சுற்றுகிற தட்டைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு, சதுரத் தட்டை அப்படியே அடியில் வைத்து ஓடவிட்டார்கள்.

வெளியில் எடுத்தபோது மூலைகளில் கல். நடுவில் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர். ஓர் ஓரத்தில் மட்டும், எப்படித்தான் வந்ததோ, பஞ்சு போல அருமையான வட்டிலப்பம். அந்த நேரத்தில்தான் நவாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டான். நானும் வெளியில் போய் விளையாடச் சொன்னேன்.

சுலைஹா கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து வந்து பெட்டியைப் போர்த்தினாள்.

"வித்துடுங்க மச்சான். ராத்தா சொன்ன மாதிரிப் பானையிலயே அவிக்கிறன்."

அவள் அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். விரிப்பின் ஓரங்களை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டு நின்றாள்... அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது.

அன்று பின்னேரம் தங்கராசா மாஸ்டர் வந்தார். காரைதீவுக்காரர்; பெரிய வகுப்புகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறார். எனக்கு மருதமுனையில் இரண்டு தறியும் ஒரு சாரன் துணிக் கடையும் உண்டென்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மாஸ்டர் சாரன் வாங்க வந்து பழக்கமானவர். இப்போது சாரன் வாங்குவதில்லை. தேத்தண்ணி குடிக்க மட்டும் வருகிறார்; என்னை எங்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் 'காக்கா' என்பார்.

"என்ன காக்கா, வீட்டில ஆரும் மௌத்தா? செத்த வீடு மாதிரிக் கிடக்கு?"

நடந்ததைச் சொன்னேன். மனிதர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.

"மைக்ரோவேவ் அடுப்பா? இஞ்சயா? நான் புத்தகத்தில படிச்சதோட சரி. ஒருக்காக் காட்டுங்க காக்கா, புண்ணியமாப் போகும்."

சுலைஹா விரிப்பை எடுக்க மனமில்லாமல் எடுத்தாள். மாஸ்டர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஆறு பக்கமும் இரும்பு; கதவுக் கண்ணாடியிலயும் இரும்பு வலை. அப்ப அலை எங்கயும் போக ஏலாது. சுவரில பட்டுத் திரும்பும். போற அலையும் வாற அலையும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழும். விழுந்தா... நின்ற அலை. சில இடத்தில பலமா ஆடும், சில இடத்தில ஆட்டமே இல்லை. ஆடுற இடத்தில வேகும். ஆடாத இடத்தில பச்சை. அதுதான் உங்கட வட்டிலப்பம்."

"அலை கண்ணுக்குத் தெரியுமா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அப்ப எப்படி நம்புற?"

மாஸ்டர் யோசித்தார். சுலைஹாதான் வாய் திறந்தாள்.

"அப்பளம் வெச்சுப் பாருங்க. அங்க எனக்கு மட்டும் எண்டா நான் இதுக்குள்ளதான் அப்பளம் பொரிப்பன். தட்டு கிறுகாட்டி அங்கங்க மட்டும்தான் பொரியும்."

ஒரு கடதாசி மட்டையில் பச்சை அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி, அடியில் வைத்து ஓடவிட்டோம். மூன்று பேரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இடத்தில் வெள்ளையாக ஒரு கொப்புளம். தள்ளி இன்னொன்று. ஒரே அப்பளத்தில் பாதி பொரிந்து பூவாகிறது, பாதி அப்படியே மஞ்சளாகக் கிடக்கிறது. மட்டையை எடுத்துப் புது அப்பளம் வைத்துத் திரும்ப ஓடவிட்டால், அச்சடித்தது போல அதே இடங்கள்.

மாஸ்டருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பொரிந்த துண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தின்றும் தீர்த்தார்.

"இப்ப ஒரு கிளாஸ் தண்ணிய மூலையில வெச்சா என்ன நடக்கும்?" என்று நான் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"தண்ணி தன்ர பங்குச் சூட்டை எடுக்கும். அப்பளம் பொரியக் கொஞ்சம் சுணங்கும். ஆனா இடம் மாறாது. பெட்டி அதே பெட்டிதானே? சுவரை நாங்க அசைக்கல்லையே?"

வைத்தோம். ஓடவிட்டோம்.

இடம் மாறிவிட்டது. நடுவில் இருந்த கொப்புளத்தைக் காணோம். கதவோரம், முன்பு பச்சையாகவே கிடந்த இடத்தில், அழகாக ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர்," என்றாள் சுலைஹா மெதுவாக, "பெட்டி அதே பெட்டிதான்."

நான் சிரித்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை, கதவைத் திறந்து கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

"நான் பிழை. சுவரை நாங்க அசைக்கல்ல. ஆனா தண்ணிக்குள்ள போனா அலை மெதுவாப் போகும், நீளமும் சுருங்கும். அலைக்கு இப்ப பெட்டி முந்தினதை விடப் பெரிசாப் படும். அப்ப நிக்கிற இடமும் மாறத்தானே வேணும்? படிப்பிக்கிறன், காக்கா... வருசா வருசம் கரும்பலகையில எழுதிப் படிப்பிக்கிறன்."

எனக்கு அது பாதிதான் விளங்கியது. எனக்கு விளங்கின பொருள் நூல். ஆகவே மாஸ்டரைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனேன். பருத்தி நூலைப் பல இழைகளாக முறுக்கிய ஒரு கயிறு. ஒரு முனை கிணற்றுத் தூணில், மறு முனை என் கையில். ஒரே சீராக ஆட்டினால் கயிறு மூன்று நான்கு வயிறாகப் பிரிந்து நின்று ஆடும். வயிற்றுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு புள்ளி அசையவே அசையாது. அந்தப் புள்ளிக்குக் கணு என்று பெயராம்.

பிறகு தூணுக்குப் பக்கத்துப் பாதிக் கயிற்றைப் தறிப் பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சியில் நனைத்தோம். கை அதே வேகத்தில் ஆட்டியது. நனைந்த பாதியில் வயிறுகள் குறுகிப் போயின. கணுக்கள் பழைய இடத்தை விட்டு நகர்ந்தன. கனத்த கயிற்றில் அலை மெதுவாகத்தானே போகும்?

வாசலில் உங்கள் உம்மா வந்து நின்றார். "புள்ளைகள் கயிறடிச்சா ஏசுறீங்க. இப்ப ரெண்டு கிழடும் என்னத்த ஆட்டுறீங்க?"

"விஞ்ஞானம்" என்றேன்.

"கஞ்சி முழுக்க நிலத்துல ஊத்துது, விஞ்ஞானமாம்."

நவாஸ், உன் கேள்விக்குப் பதில் இதோ. கவனமாகக் கேள்.

இரும்புச் சுவர் அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர், பால், முட்டை, கண்ணாடி, பீங்கான் இவையெல்லாம் அலையை உள்ளே நுழைய விடும். இப்படி நுழைய விடுகிற பொருளுக்கு பெரிய வகுப்புப் பாடப் புத்தகத்தில் மின்னுழையம் என்று பெயர். அலை நுழைந்ததும் மெதுவாகிறது, குறுகுகிறது. அதனால் பெட்டி முழுவதிலும் அது எங்கே ஆடுவது, எங்கே நிற்பது என்ற ஒழுங்கே மாறிப் போகிறது. எல்லாம் ஒரே மாதிரியும் இல்லை. கண்ணாடியும் பீங்கானும் அலையை விட்டுவிடும். தங்களுக்கென்று அதிகம் வைத்துக்கொள்ளாது. தண்ணீர் அப்படியில்லை. அலையின் பலத்தைப் பிடித்துத் தன் சூடாக்கிக்கொள்ளும். ஆழமான தட்டென்றால் ஓரத்தில் இருப்பதே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். நடுவுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஆகவே சாச்சியின் தட்டு வெறுமனே சூடு வாங்கவில்லை. தான் எங்கே வேக வேண்டும், எங்கே பச்சையாக இருக்க வேண்டும் என்பதைப் பெட்டியோடு சேர்ந்து அதுவும் தீர்மானித்தது. தட்டு சுற்றியிருந்தால் ஒவ்வொரு இடமும் ஆடுகிற இடத்தைக் கடந்து போயிருக்கும். சுற்றாமல் நின்றதால் நின்ற அலை நின்ற இடத்திலேயே சுட்டது.

மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். பெட்டிக்குள் ஒன்றுமே வைக்காமல் ஓடவிடக் கூடாது. அலையை வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால் அது சுவரில் பட்டுப் பட்டுக் கடைசியில் தான் புறப்பட்ட இடத்தையே போய்ச் சுடுமாம். "வெறுமையா ஓட்டாதீங்க எண்டு அந்த வீட்டு அம்மாவும் சொல்லித்தான் தந்தா" என்றாள் சுலைஹா.

எனக்கு இதையெல்லாம் கேட்டதும் என் சொந்தக் கதை ஞாபகம் வந்தது. நம் கரையோரத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். நானும் அப்படி வந்தவன். என் மாமியாரும் அவர் மகள்மாரும் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்து நடத்திக்கொண்டிருந்த வீட்டுக்குள் ஒரு மூலையில் கொண்டுவந்து வைக்கப்பட்ட கிளாஸ் தண்ணீர். சுவர் ஒன்றும் அசையவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதுவரை மீன் வாங்காத நேரத்தில் மீன் வந்தது, வானொலிச் செய்திக்காகச் சோறு பிந்தியது, ராத்தாவும் தங்கையும் கதைத்துக்கொண்டிருந்த மூலை வேறு மூலையானது... யாரும் என்னிடம் சொல்லவில்லை. இப்போது சுலைஹா திரும்பி வந்திருக்கிறாள். திரும்பவும் எல்லாம் கொஞ்சம் நகர்கிறது. நகரத்தானே வேண்டும்?

சரி, வட்டிலப்பம் என்ன ஆயிற்று?

அப்பளத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சுலைஹா நிமிர்ந்தாள். "ராத்தா, கோப்பையிலதான் வைக்கணும். நடுவுல ஒண்டும் வைக்காம, வட்டமா. தட்டும் கிறுகும், எல்லாப் பக்கத்தாலயும் வேகும்."

"சஹனுக்கு?"

"வெந்தோண்ண கோப்பைகளச் சஹன்ல கவிழ்த்துடுவன். சுத்திவர எல்லாம் ஒரே சஹன்லதான் இரிக்கும்."

உங்கள் உம்மாவின் முகம் கோணியது. "ஆளுக்கொரு குவியலா? அது சஹனாகுமா?"

இந்த இடத்தில் நான் வாய் திறந்தேன். அபூர்வமான சந்தர்ப்பம், பிள்ளைகளே. "சஹன்ல கை வைக்கிற நேரம் புள்ளைகளுக்கு நீங்க என்ன சொல்லிக் குடுக்கிற? அவரவருக்கு முன்னால இரிக்கிறத எடுத்துத் தின்னணும், மத்தவங்கட பக்கம் கை நீட்டக் கூடா எண்டுதானே? இவள் முன்னாலேயே வெச்சுத் தாறாள்."

உங்கள் உம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தின கோப்பை வேணும் கா?" என்றார் உங்கள் உம்மா.

வெள்ளிக்கிழமை ஹாஜரா மாமி தன் தங்கைமார் சூழ வந்து இறங்கினார். மெல்லிய உருவம், கூர்மையான கண். சஹன் வந்தது. கருப்பட்டி நிறத்தில், பளபளவென்று, சுற்றிவரச் சின்னச் சின்ன வட்டிலப்பங்கள். நடுவில் பொரித்த முந்திரிகை. நானும் நீங்களும் பக்கத்து அறையில் மறைந்திருந்து கேட்டோம், ஞாபகமிருக்கும். ஷிபானா, நீ என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

எல்லாரும் சஹனில் கை வைக்கிற வளையல் சத்தம் கேட்டது.

பிறகு ஹாஜரா மாமியின் குரல். "நடுவுலயும் ஓரத்துலயும் ஒரே பதம். எந்தப் பானையில அவிச்ச மகள்?"

'பானையில்தான்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். உங்கள் உம்மா செருமுகிற சத்தம் கூடக் கேட்டது.

"பானையில இல்ல மாமி. பெட்டியில. குவைத்திலேருந்து நான் கொண்டுவந்த பெட்டி. அங்க நான் சமைச்சதெல்லாம் அதிலதான்."

வளையல்கள் சஹனிலிருந்து விலகுகிற சத்தம்.

"அவங்கட வீட்டுல எத்தின பேருக்குச் சமைச்ச?"

"பெரிய குடும்பம் மாமி. வாறவங்க போறவங்களும் கூட."

"தனியவா?"

"ஓம்."

மாமி எழும்பினார். போய்விடப் போகிறார் என்றே நான் நினைத்தேன். ஆனால் காலடி வாசல் பக்கம் போகவில்லை. குசினிப் பக்கம் போனது.

"எங்க, அந்தப் பெட்டியக் காட்டு. எனக்கு ஒரு கோப்பை சுடுதண்ணி வெச்சுத் தா. மருந்து குடிக்கணும்."

தட்டு சுற்றுவதை மாமி குனிந்து பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது. "தலை கிறுகாதா இதுக்கு?" என்று ஒருதரம் கேட்டார். கோப்பையைக் கையில் வாங்கியதும், "இதென்ன புதினம்? தண்ணி கொதிக்குது, பிடி சுடவே இல்ல" என்றார். சுலைஹா, "கோப்பை அலைய விட்டுடும் மாமி. தண்ணிதான் பிடிச்சு வெச்சுக்கொள்ளும்" என்றாள். முந்தின நாள் கற்ற பாடம்... எவ்வளவு இலகுவாகச் சொன்னாள், பார்த்தீர்களா?

மாமி வீட்டு முன்மண்டபத்துக்குத் திரும்பவில்லை. குசினியிலேயே ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தங்கைமாரையும் அங்கேயே கூப்பிட்டார். விருந்தாளி குசினியில் உட்கார்ந்தால் அதற்கு அர்த்தம் என்னவென்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்கு, அவர் வீட்டு ஆளாகிவிட்டார் என்று அர்த்தம். போகும்போது வாசலில் வைத்து, "அடுத்த கிழமை எங்கட பெரியாக்கள் வருவாங்க. அவங்களுக்கும் இதே வட்டிலப்பம்தான் வைக்கணும்" என்று சுலைஹாவின் தாடையைத் தொட்டுச் சொன்னார். உங்கள் உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதோடு நிறுத்தினாரா? "கோப்பையில வெச்சுச் செய்யிறதுதான் இதுக்குச் சரி மாமி" என்று, ஏதோ தானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டே தெரு வரை போனார்.

நீங்களும் பின்னால் ஓடிவிட்டீர்கள். வீட்டில் நான் மட்டும்.

குசினிக்குள் போனேன். பெட்டிக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கட்டில் விரிப்பு மடித்த மடிப்பில் ஒரு கதிரையில் இருந்தது. நவாஸ், உன் விரல்களுக்குப் பெட்டியை ஓடவிடுகிற அந்தத் திருகியில் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். பெட்டி வெறுமையாக ஓடிவிடக் கூடாதென்று குடத்திலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வார்த்து உள்ளே வைத்தேன்.

கதவைச் சாத்தப் போனவன், திரும்பக் கையை விட்டுக் கிளாஸைக் கொஞ்சம் மூலைப் பக்கமாகத் தள்ளினேன். அலை எங்கே நிற்க வேண்டும் என்று இந்த வீட்டில் நானும் ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்க வேண்டாமா?